சாரி என்ற சொல்லும் ஒரு ஒன்பதாம் வகுப்பும்



போன வாரம் பேத்தி என் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிட்டு "சாரி தாத்தா" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள். அது மனதில் ஓட, சும்மா இருக்கும் நேரம்தானே என்று பெரிய ஆங்கில அகராதியை எடுத்தேன். எடுத்தது வினையாகிப்போனது.

'சாரோ', அதாவது துயரம். அதிலிருந்து வந்ததுதான் 'சாரி' என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உங்களில் பலர் நோட்டில் எழுதியும் இருப்பீர்கள். அது தவறு. 'சாரோ'வின் பழைய வடிவம் 'சொர்க்', கவலை என்று பொருள். 'சாரி'யின் வேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, புண் (நீங்கள் என்னைக் கூப்பிட்ட சார் அல்ல!). அதுவே இன்றைய 'சோர்'. 'சாரி' என்றால் முதலில் 'வலியோடு இருக்கிறேன்' என்றுதான் பொருள். ஒலியும் பொருளும் நெருங்கியதால் பிற்காலத்தில் இரண்டும் ஒரே குடும்பம்போலத் தோன்றின. ஜெர்மனில் 'மிக' என்பதற்குச் சொல்லும் 'ஸேர்' கூட இந்த வலியின் வழி வந்ததுதான்.

நம் 'வருந்துகிறேன்' என்பதும் இப்படித்தானே? யாழ்ப்பாணத்தில் இன்றும் வருத்தம் என்றால் நோய். 'மன்னிக்கவும்' எதிராளியிடம் ஒன்றைக் கேட்கிறது. 'சாரி' எதையும் கேட்பதில்லை, தன் வலியை மட்டும் சொல்கிறது.

இதில் என்ன வினை என்கிறீர்களா? 1989 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், லீவ் லெட்டர்ல சோர் த்ரோட்னு எழுதுறோமே, அந்த சோர்தானே சார் இந்த சாரி?" என்று கேட்டாள். நான், "அப்ப தொண்டை வலிச்சா யார்கிட்ட சாரி கேப்ப?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அகராதியை மூடி வைத்த பிறகும் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் இருக்கிறது. பிள்ளை சரியாகச் சொன்னாள். வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை. தெரியாததைக்கூட விடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெயரை இங்கே எழுதவில்லை. அந்த செட் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும். யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். அவள் சம்மதித்தால் நம்பரை வாங்கி எனக்கு அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.