மலைக்கு அனுப்பிய மணல்

வீட்டில் உட்கார்ந்து தின்பதற்காகச் சுடுகிற பிஸ்கட்டும், பார்சலில் கட்டி அனுப்புவதற்காகச் சுடுகிற பிஸ்கட்டும் ஒரே மாவிலிருந்து பிறந்தாலும் அவை இரண்டும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்னது அடுப்பிலிருந்து இறங்கிச் சூடு ஆறுகிற வேளையில் தன் ருசியின் உச்சத்தை எட்டிவிடுகிறது. காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்பவர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "பேஷ்" என்று சொல்லிவிட்டால் அதன் ஜன்மம் கடைத்தேறியது. பின்னதற்கோ அந்த வேளை ஒரு பொருட்டே இல்லை. நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஓர் அறையில், எத்தனையாவது நாள் என்று நமக்குத் தெரியாத ஒரு நாளில், யாரோ ஒட்டுத்தாளைக் கிழித்து மூடியைத் திறக்கிறாரே, அந்தக் கணத்தில் அது எப்படி இருக்கிறதோ அதைக் கொண்டுதான் அதற்கு நல்ல பேரும் கெட்ட பேரும்.

என் தம்பி மகன் ராணுவத்தில் சேர்ந்து லடாக் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்த இரண்டாவது ஜாதி பிஸ்கட்டின் சுபாவத்தை நான் முறையாகப் படிக்கலானேன். மேற்குத் தாம்பரத்தில் வளர்ந்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடலைப் பார்க்காமல் இருக்கமாட்டான். எங்களூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்தில் இருப்பதுபோல ஒரு பிரமை எப்போதும் உண்டு. 1931ஆம் வருஷம் மே மாதம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் விட்ட நாள் முதலாகத் தாம்பரத்திலிருந்து புறப்படும் வண்டியின் நெற்றியில் 'கடற்கரை' என்று எழுதியிருப்பது அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஸ்டேஷனில் இறங்கினால் துறைமுகத்து மதிற்சுவர் தெரியுமே தவிர, கால் நனைக்க ஒரு பிடி மணல் கிடையாது என்பது வேறு விஷயம். "அத்தை, இங்கே எல்லாம் இருக்கிறது, கடல்தான் இல்லை" என்று அவன் ஒருமுறை தொலைபேசியில் சொன்னதை வைத்துக்கொண்டு, கடற்கரையின் ஜாடையில் பாதாம் பிஸ்கட் செய்து அனுப்புவது என்று தீர்மானித்தேன்.

பாதாம் என்று ஏன் தேர்ந்தேன் என்றால், அரைத்த பாதாம் பருப்புக்கு மணலின் லட்சணம் இயற்கையாகவே உண்டு. மாவு போல விரலில் ஒட்டாமலும், ரவை போல முரண்டு பிடிக்காமலும், விரலிடுக்கில் உதிர்கிற ஒரு பதம் அதற்கு வருகிறது. தவிரவும், எங்கள் தெருமுனையிலே குடைபிடித்தாற்போல அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை மரம் கடற்கரைக்கே சொந்தமான மரம். அதன் காயின் மேலுறை நார்நாராக, தக்கை போல லேசாக இருப்பதனால் உப்புநீரில் மிதந்துபோய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. சண்முகம் சாலை மளிகைக் கடைகளில் நாம் வாங்குகிற, பெரும்பாலும் கலிபோர்னியாவிலிருந்து வருகிற பாதாமுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை; அது ரோஜாவுக்கும் பீச் பழத்துக்கும் பங்காளி, இதுவோ கடுக்காய்க்கும் மருத மரத்துக்கும் பங்காளி. ஆனாலும் நாட்டு வாதுமையின் பருப்பும் தின்பதற்கு நன்றாகவே இருக்கும். கல்லை வைத்துக் கொட்டையை உடைத்து ஒரு கைப்பிடி பருப்புச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதனால், அதை மேலே தூவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுகிறேன்.

பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்துப் பச்சைத் தண்ணீரில் விட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதை வெள்ளைத் துணியில் பரப்பி ஓர் இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே உலர விட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் மிக்ஸியில் தூளாவதற்குப் பதில் விழுதாகிவிடும். ஈரமே இல்லாவிட்டாலும், பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெயாக இருப்பதால், மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் அந்தச் சூட்டில் எண்ணெய் கக்கிவிடும். அளந்து வைத்த மைதாவிலிருந்தே இரண்டு கரண்டி சேர்த்து, விட்டு விட்டுச் சுற்றி, நடுவில் ஜாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுவது என் வழக்கம். பாதாம் தூள் 100 கிராம், மைதா மொத்தம் 180, வெண்ணெய் 120, பொடித்த சர்க்கரை 90, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய், மாவு கைகூடுவதற்கு ஒரு கரண்டி பால். முட்டை வேண்டாம். சர்க்கரை எதுவாயிருந்தாலும் தித்திப்புத்தானே என்று நாட்டுச் சர்க்கரையைப் போடச் சொல்லுபவர்கள் உண்டு. மணலின் நிறம் அதற்கு அழகாகவே வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை வாவென்று கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக்கொள்ளும் பண்டம், பிரயாணத்துக்கு உதவாது. நிறம் வேண்டுமானால் பாதாம் தூளில் கால் பங்கை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தால் போதும்.

இனி உருவத்துக்கு வருகிறேன். கடற்கரை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நட்சத்திர மீன். அச்சு கிடைக்கிறது, வெட்டியெடுத்துத் தட்டில் வைத்தால் கண்ணைப் பறிக்கிறது, அடுப்பில் வெந்து வந்தாலும் அழகு கெடுவதில்லை. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கிற எந்த உறுப்பும் பார்சலுக்குப் பகை. மூட்டை ஒவ்வொரு கையாக மாறி, ஒவ்வொரு வண்டியாக ஏறியிறங்கிப் போய்ச் சேரும்போது அந்த ஐந்து கைகளில் ஒன்றுகூட உடம்போடு இருக்காது. சிப்பி அப்படியல்ல, தடித்த உடம்பு, வளைந்த விளிம்பு, இடிபட்டால் தாங்கும். அதற்கு அச்சுக்கூட வேண்டியதில்லை. செட்டிநாட்டில் சீப்புச் சீடைக்குச் செய்வதுபோல, இதற்கென்றே வைத்திருக்கும் புதுச் சீப்பின் பற்கள்மேல் மாவுருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், வரிவரியாகச் சிப்பியின் முதுகு தானே வந்து நிற்கும். கிறிஸ்துமஸுக்குக் கலகலா செய்கிற வீடுகளில் முள்கரண்டியின் முதுகில் இதே வித்தையைச் செய்கிறார்கள். பிரெஞ்சு தேசத்து மதலேன் என்னும் சிப்பி வடிவக் கேக்கைப் பார்த்துச் செய்யலாமே என்று ஒரு சிநேகிதி யோசனை சொன்னாள். அது மெத்தென்றிருப்பதற்காகவே பிறந்த பண்டம், மூன்றாம் நாள் அதைத் திறந்து பார்க்கிற துக்கம் நமக்கெதற்கு?

எல்லாவற்றிலும் சிறந்தது வட்டம் என்பது என் முடிந்த அபிப்பிராயம். நம் கரைகளில் சில சமயம் வெளுத்த வில்லை போன்ற ஓர் ஓடு ஒதுங்கும். நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலிப் பிராணி ஒன்றின் ஓடு அது. அதன் முதுகில் ஐந்து இதழ்களாக ஒரு கோலம் பொறித்திருக்கும். கால் அங்குலத்துக்குச் சற்று மேலான கனத்தில் மாவை வட்டமாக வெட்டி, அதன்மேல் ஊறிய பாதாமை நீளவாட்டில் மெல்லிசாகச் சீவியெடுத்த ஐந்து துண்டுகளை நடுவிலிருந்து விரித்துவைத்து, பால் தொட்ட விரலால் அமுக்கிவிட்டால், அச்சில் வார்த்ததுபோல அந்த ஓடே வந்துவிடுகிறது. பருப்பை உலர்ந்தபடியே சீவினால் சில்லுச்சில்லாகப் போய்விடும். ஊறியிருந்தால் கத்திக்கு இணங்கும். நட்சத்திரம் வெளியே கையை நீட்டுகிறது, இது அதே ஐந்தை உள்ளே வைத்துக்கொள்ளுகிறது. அதனால் நாணயத்தை அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக டின்னுக்குள் அடுக்கலாம், அசையாது, உடையாது.

மணலாகத் தூவுவதற்கு வறுத்த பாதாம் குருணையோடு கசகசாவைச் சேர்த்தால் தத்ரூபமாக இருக்கும். ஆனால் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அங்கேயெல்லாம் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு, அன்போடு அனுப்பிய பண்டம் பிள்ளையைச் சுங்க அதிகாரி முன் நிறுத்திவிடும். அந்தத் தூவலோடு சிறிது கறுப்பு எள்ளும் நான் சேர்க்கிறேன். நம் கடற்கரை மணலைக் குனிந்து பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும்: அலை வாங்கிப் போன இடத்தில் கோடுகோடாகக் கறுப்பு மணல் படிந்திருக்கும், இல்மனைட் முதலிய கனமான தாதுக்கள் அவை. மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுப்பதற்கென்றே மத்திய அரசின் ஆலை ஒன்று நடக்கிறது.

மே மாதத்தில் எங்கள் முடிச்சூர்ச் சமையலறையில் வெண்ணெய் மேஜையின்மேலேயே உருகிவிடும் என்பதால், மாவைப் பிசைந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் இறுக வைத்துத்தான் வெட்ட வேண்டும். அதைவிடப் பெரிய விரோதி ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காற்று. மழை நின்ற சாயங்காலத்தில் தட்டைத் திறந்துவைத்தால் மொறுமொறுவென்று இருந்தது சற்றுநேரத்தில் சவசவவென்று ஆகிவிடும். அதனால் 150 டிகிரியில், வழக்கத்தைவிடத் தணிந்த சூட்டில், சற்று அதிக நேரம், ஏறத்தாழ இருபத்தைந்து நிமிஷம் சுட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, கதவை ஒரு மரக்கரண்டி செருகி ஒருக்களித்து வைத்து உள்ளேயே ஆறவிடுகிறேன். அந்த மிச்சச் சூட்டில்தான் நடுவிலுள்ள கடைசி ஈரமும் வெளியேறுகிறது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் விளிம்பும் நடுவும் ஒரே நிறமாக, உடைகிற சத்தம் சுள்ளி முறிவதுபோல இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் துளிச் சூடுகூட உறைக்கக் கூடாது. இளஞ்சூட்டோடு டின்னை மூடினால் அந்த ஆவியே வியர்த்து உள்ளே சொட்டிவிடும்.

ஈரம் என்றால் என்ன என்பதை எங்களூர்க்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து எழும்பிய ஹெலிகாப்டர்கள் வெள்ளம் சூழ்ந்த இடங்களில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த நாட்களில் மாடிக்கு மாடி கைமாறியவற்றில் புளிச்சோறு மறுநாளே வாடை வீசியது, ரொட்டி பூத்துவிட்டது, சாதாரண பிஸ்கட் பாக்கெட்டுகள்தான் குழந்தைகளைக் காப்பாற்றின. அனுப்புகிறவனுடைய நல்லெண்ணம் முதல் நாளுக்கு மட்டும் போதுமானது. இரண்டாம் நாளிலிருந்து பண்டத்தின் பக்குவம்தான் பேச வேண்டும். 1914ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு மேரி இளவரசியின் பெயரால் போர்முனைச் சிப்பாய்களுக்குப் பித்தளைப் பெட்டிகளில் வெகுமதி அனுப்பினார்களே, அதில் இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கென்று வைத்தவை கற்கண்டும் ஒரு சின்ன தகர டப்பாவில் மசாலாவும். எந்த அதிகாரி தேர்ந்தாரோ தெரியாது, விஷயம் தெரிந்தவர். கெடாதது, உடையாதது, வாயில் போட்டால் ஊர் ஞாபகம் வருவது ஆகிய மூன்றும் அந்தப் பெட்டியில் இருந்தன.

கட்டுகிற வேலைக்கு வருவோம். பட்டர் பேப்பரில் பத்துப் பத்தாக உருட்டிக் கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்ளிருக்கும் காற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றி ஒட்ட வேண்டும். சமவெளிக்கு அனுப்பும்போது இது ஒரு ஜாக்கிரதை மட்டும். லடாக்குக்கு இது கட்டாயம். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். முடிச்சூர்க் காற்றை உள்ளே வைத்து ஒட்டிய உறை அங்கே போனதும் உப்பி, மூடியை நெம்பும். வறுத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து ஈரம் வாங்குவதற்காக உள்ளே போடுகிறேன். டின்னின் இண்டு இடுக்குகளை அடைப்பதற்கு அரிசிப் பொரியைப் போல லேசான, மலிவான, மென்மையான சாதனம் வேறில்லை; அலை நுரைக்கும் அதுவே ஆயிற்று. பொரி நமுத்துப்போகும் சுபாவமுள்ளதால் அது பிஸ்கட்டைத் தொடாதபடி தனி உறையில் இருக்க வேண்டும்.

விலாசத்தில் ஊர்ப்பெயர் கிடையாது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு '56 ஏ.பி.ஓ.', ஒன்பதில் தொடங்கும் அஞ்சல் எண், அவ்வளவுதான். தபால் ராணுவத்தின் கைக்குப் போனபிறகு அது எந்த மலையேறுகிறது, எங்கே காத்திருக்கிறது என்று நாம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பனிக்காலத்தில் கணவாய்கள் மூடிவிட்டால் விமானத்தை நம்ப வேண்டியதுதான். ஒரு வாரத்துக்கென்று சுட்டவன் ஏமாந்து போவான்; ஒரு மாதத்துக்கென்று சுட்டவன் நிம்மதியாகத் தூங்குவான். அங்குள்ள வறண்ட குளிரில் உள்ளே போன பண்டம் மேலும் காயுமே தவிர நமுக்காது. நமுப்பதற்கு உள்ள அபாயமெல்லாம் முடிச்சூரிலிருந்து கணவாய் அடிவாரம் வரையில்தான்.

மலைக்கு மணலை அனுப்புவது விபரீதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இமயம் எழும்புவதற்கு முன்பு அந்த இடத்தில் டெதிஸ் என்னும் கடல் இருந்ததென்றும், ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் பாறைகளில் இன்றும் சுருள்சுருளாகக் கடற்பிராணிகளின் படிவங்கள் கிடைக்கின்றன என்றும் பூமி சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். லடாக்கிலுள்ள பாங்காங் ஏரியின் தண்ணீரும் உப்புத்தான்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் தம்பி மகன் பேசினான். அறையிலிருந்தவர்களில் கடலையே கண்டிராத இரண்டு பேர், ஒருவர் பஞ்சாப், இன்னொருவர் அஸ்ஸாம், ஐந்து இதழ் வில்லையைப் பார்த்துப் பூ என்று நினைத்துவிட்டார்களாம். கடல் பிராணியின் ஓடு என்று இவன் விளக்கியதை அவர்கள் நம்பவில்லை. "அத்தை, அடுத்த தடவை சங்கு பண்ணி அனுப்புங்க, சங்குன்னா யாருக்கும் சந்தேகம் வராது" என்றான். சங்குக்கு நுனி உண்டு, நுனி உடையும், நான் அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். அதற்கு அவன், இங்கே டின்னைத் திறந்தால் உடைந்ததைத்தான் முதலில் பொறுக்கி டீயில் முக்குகிறார்கள், முழுசாக இருப்பது கடைசி வரையில் அப்படியே கிடக்கிறது என்கிறான்.