ஒரு நாள் கண்டி

கொழும்புக் கடற்கரையோரத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், மாணவர்களை ஒரு நாட் பயணமாகக் கண்டிக்கு அழைத்துச் செல்ல ஒரு முறை திட்டம் வகுத்தோம். விடியற்காலையில் புகைவண்டி, முற்பகலில் தலதா மாளிகை, பிற்பகலில் பேராதனைப் பூங்கா, இரவில் வீடு. கரும்பலகையில் எழுதி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், என் பாட்டி ஹந்தானைப் பக்கம் கொழுந்து பறித்தவர். அந்த இடத்தைப் பார்க்க மாட்டோமா?"

நாம் வாயடைத்து நின்றோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் வாவி அமைத்ததையும், 1815இல் பிரித்தானியரிடம் அரசிழந்து, வேலூரில் கைதியாக 1832இல் மறைந்ததையும் பாடமாகச் சொல்லியிருந்தோம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத் தொழிலாளரைப் பற்றிச் சொன்னோமா? நாம் ஏறவிருந்த இருப்புப் பாதையே, அவர்கள் உழைப்பில் விளைந்த கோப்பியைத் துறைமுகம் சேர்க்க 1867இல் கண்டியை எட்டியதுதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழிவந்தோரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் விடிவு பிறந்தது.

பூங்காவை அழித்துவிட்டு ஹந்தானை என்று எழுதினோம். அங்கே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாக இருந்தது. எந்திரங்களைப் பார்த்தபின் தோட்டத்து லயங்களின் பக்கம் நடந்தோம். அன்று வழிகாட்டி அந்த மாணவிதான். நாம் கேட்டுக்கொண்டு பின்னே சென்றோம்.

ஆசிரியத் தோழர்களே, அரண்மனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மலையைத் திருத்திய கைகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் வரலாறுதான்.