நாக்கும் ஒரு நிருபர்தான்!

பத்திரிகைக் காரியாலயங்களில் எழுதப்படாத ஒரு பந்தி வரிசை உண்டு, நேயர்களே! அரசியல் நிருபருக்கு முதல் பந்தி. சினிமா நிருபருக்கு இரண்டாம் பந்தி. ஹோட்டல் ருசியைப் பற்றி எழுதுகிறவனுக்கோ கடைசிப் பந்தி. அதிலும் இலை ஓட்டை! "சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவதற்குச் சம்பளமா?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு பெயரைத்தான் சொல்வேன்: வினோத் துவா.

துவா 1954-ல் பிறந்தவர். 1947-ல் தேசம் இரண்டானபோது, தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரை விட்டுத் தில்லிக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. 1974-ல் தில்லித் தொலைக்காட்சியில் முதன்முதலாக முகம் காட்டினார். பிறகு தேர்தல் முடிவுகள் வரும் நாட்களில், பிரணாய் ராயுடன் அமர்ந்து, ஹிந்தியில் அவர் பேசுவதை நாடே கேட்டது. 1985-ல் 'ஜன்வாணி' என்ற நிகழ்ச்சி. சாதாரண ஜனங்கள் மந்திரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்! தொலைக்காட்சி முழுவதும் சர்க்கார் கையில் இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட மனிதர் பிற்காலத்தில் என்.டி.டி.வி.யில் 'ஜாய்க்கா இந்தியா கா' என்று ஊர் ஊராகச் சாப்பிடக் கிளம்பினார். சந்துக் கடைகளிலும், நெடுஞ்சாலை தாபாக்களிலும் நின்று ருசி பார்த்தார். "அரசியல் அலுத்துவிட்டதோ?" என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மந்திரியிடம் ஜனங்களைப் பேச வைத்தவர், இப்போது அடுப்படியில் நிற்கிறவனைப் பேச வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்படியில் சரித்திரம் இல்லையா, என்ன? தில்லியில் தந்தூரிச் சமையலுக்குப் பெயர் வாங்கித் தந்த தர்யாகஞ்சு 'மோத்தி மஹால்', பெஷாவரிலிருந்து வந்த அகதிகள் 1947-ல் தொடங்கியது. ஊரையும் வீட்டையும் இழந்தவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டுவந்து பிழைத்துக்கொண்டார்கள். அந்த ரொட்டியைப் பற்றி எழுதுகிறவன், பிரிவினையைப் பற்றியும் எழுதுகிறான் அல்லவா?

ஆகவே ருசி பார்த்து எழுதுவது விளையாட்டுக் காரியமல்ல. பெரிய ஹோட்டலை நாலு வரியில் குறை சொன்னால், அது தாங்கிக்கொள்ளும். நாலு பெஞ்சு போட்ட கடைக்கு அதே நாலு வரி அடுப்பை அணைத்துவிடக்கூடும். மந்திரியைப் பற்றி எழுதும்போது விசாரித்து எழுத வேண்டுமென்றால், பரோட்டாவைப் பற்றியும் விசாரித்துத்தான் எழுத வேண்டும்.

சாப்பாட்டு நிகழ்ச்சி துவாவின் நாக்கை மழுங்க அடித்துவிடவும் இல்லை. 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2020-ல், சர்க்காரை விமர்சித்ததற்காக அவர்மீது ராஜத்துரோக வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி, 67-வது வயதில் அவர் காலமானார்.

நேயர்களே! அடுத்த முறை சின்னக் கடை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தால், "இந்தச் சட்னியை அரைத்தது யார், எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டுப் பாருங்கள். பில்லோடு ஒரு கதையும் வந்து சேரும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது!