வங்கிக்குள் ஒரு வாரம்: சில குறிப்புகள்

லண்டனின் பெரிய முதலீட்டு வங்கிகள், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, பல்கலைக்கழக முதலாமாண்டு மாணவர்களை ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு வாரம், உள்ளே அழைக்கின்றன. ஸ்பிரிங் வீக் என்பார்கள். நான்கு வருடப் படிப்பு என்றால் இரண்டாமாண்டில் போகலாம். நான் வேலை பார்க்கும் வங்கியில், ரிஸ்க் பிரிவு என்ன செய்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

பொருளாதாரம் படிக்கிறவர்கள் மட்டும் வருவதில்லை. வரலாறு, இயற்பியல், லத்தீன் படிக்கிறவர்களும் வருகிறார்கள். பாடம் எதுவானாலும் வங்கிக்குச் சம்மதம்தான். ஏன் வந்தாய், இந்த வேலையில் எது உன்னை இழுக்கிறது என்று கேட்டால் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். மனப்பாடப் பதில் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

*

சும்மா பார்த்துவிட்டுப் போகும் வாரம் என்று யாரும் ஏமாற வேண்டாம். பல வங்கிகளில் கடைசி நாளில் நேர்காணல் இருக்கும். அதில் தேறினால் அடுத்த வருடக் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு நேரே இடம். அது ஒன்பது, பத்து வாரம். அது நன்றாக முடிந்தால், கடைசி வருடப் படிப்பு தொடங்கும் முன்பே நிரந்தர வேலைக்கான கடிதம் கையில். ஆக, இருபத்தொரு வயதில் கிடைக்கப்போகும் வேலைக்கான முதல் வாசல் பதினெட்டு வயதில் திறக்கிறது. மூன்றாம் வருடத்தில் நிதானமாகத் தேடலாம் என்று இருப்பவருக்கு மிச்சம் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு.

*

உள்ளே வருவதற்கு முன் கடக்க வேண்டியவை: விண்ணப்பம், ஆன்லைனில் எண் கணக்குத் தேர்வு, 'இந்தச் சூழ்நிலையில் என்ன செய்வாய்' வகைக் கேள்விகள், பிறகு வீடியோ நேர்காணல். வீடியோவில் எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும்; யோசிக்கச் சில நொடி, பதில் சொல்ல ஓரிரு நிமிடம், அவ்வளவுதான். வீட்டில் தனி அறை உள்ள பிள்ளைக்கு இது ஒரு மாதிரி. தம்பி தங்கையோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளைக்கு வேறு மாதிரி. நூலகத்தில் சிறிய அறைகளை முன்பதிவு செய்ய முடியும் என்பதை அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்கிறேன்.

*

டிரேடிங் ஃப்ளோர். சினிமாவில் பார்த்த கூச்சலை எதிர்பார்த்து வருகிறார்கள். பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கிறது. வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து திரைகள். புளூம்பெர்க் கீபோர்டின் மஞ்சள் விசைகளையும் பச்சை 'கோ' விசையையும்தான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் உற்றுப் பார்க்கிறார்கள். காலை 8 மணிக்கு லண்டன் சந்தை திறக்கும். அதற்கு வெகுமுன்பே காலைக் கூட்டம் முடிந்திருக்கும்.

நியூயார்க் திறப்பது எங்கள் நேரப்படி பிற்பகல் 2:30. ஆனால் மார்ச்சில் வரும் பிள்ளைகள் அதை 1:30க்கே பார்க்க நேரலாம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறார்கள். பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்களில் மதியச் சாப்பாட்டை முடிக்கும் முன்பே தளம் சூடுபிடித்துவிடும்.

*

சீட்டுக்கட்டோடு ஒரு டிரேடர் வருகிறார். மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார். ஏஸ் 1, ராஜா 13. மூன்றின் கூட்டுத்தொகைதான் இன்றைய சரக்கு. "விலை சொல்லு" என்கிறார் ஒரு மாணவியிடம்.

ஒரு சீட்டின் சராசரி 7, மூன்றுக்கு 21. "20க்கு வாங்குவேன், 22க்கு விற்பேன்" என்கிறாள். நல்ல ஆரம்பம். இதற்கிடையில் இன்னொரு மாணவனுக்கு மட்டும் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அது ராஜா. அவன் கணக்கில் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 27. "22க்கு வாங்குகிறேன்" என்கிறான் உடனே. மறுபடி அவளிடம் விலை கேட்கப்படுகிறது. அதே 20-22ஐச் சொன்னால் அவன் திரும்பத் திரும்ப வாங்குவான், அவள் இழந்துகொண்டே போவாள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "24, 28" என்றாள். விலையையும் ஏற்றினாள், இடைவெளியையும் அகலமாக்கினாள். எதிராளிக்குத் தனக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்பதை அவனுடைய அவசரத்திலிருந்தே கண்டுகொண்டாள்.

சந்தையில் விலை ஏறி இறங்குவதன் பாதிக் காரணம் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இதைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். மேசையில் உட்கார்ந்து தோற்றுப் பார்த்தால்தான் உடம்பில் ஏறும்.

*

பிள்ளைகளின் பாஸ் சில கதவுகளைத் திறக்காது. டிரேடர்களின் பாஸும் அப்படித்தான். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப்போகிறது என்ற ரகசியம் தெரிந்த குழுவினர் தனித் தளத்தில் இருப்பார்கள். பங்குகளை வாங்கி விற்கிறவர்களுக்கு அந்தச் செய்தி போகக் கூடாது. நடுவில் கம்ப்ளையன்ஸ் பிரிவு காவல் இருக்கிறது. வெளிவராத செய்தியை வைத்துப் பங்கு வாங்குவது 1993 குற்றவியல் நீதிச் சட்டப்படி குற்றம். டிரேடர்களின் தொலைபேசிப் பேச்சு பதிவாகிறது. ஒரு சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவன் விளையாட்டைக் கெடுத்துவிடுவான் என்று இந்தத் தொழில் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது.

*

தொழிலுக்குள் நுழைகிற வழியில் இப்படி ஒரு காவல் இல்லை. அங்கே சீட்டு சில வீடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே காட்டப்படுகிறது. அப்பா வங்கியில், பெரியம்மா சட்ட நிறுவனத்தில், அண்ணன் போன வருடம் ஸ்பிரிங் வீக் போனவன் என்றால், சாப்பாட்டு மேசையிலேயே எல்லாத் தேதிகளும் காதில் விழுந்துவிடும். கட்டணப் பள்ளிகள் சிலவற்றில் இதைச் சொல்லிக் கொடுக்கத் தனி ஆசிரியரே இருக்கிறார்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். மகள் கணக்குப் படிப்பில் முதல் வருடம். ஒரு பிப்ரவரி மாதம் பால் வாங்கப் போன இடத்தில் கேட்டார்:

"அண்ணை, மகளின்ர சிநேகிதிப் பிள்ளை ஏதோ வங்கியில ஒரு கிழமை பாக்கப் போகுதாம். இவளையும் அனுப்பலாமோ?"

"இந்த வருசத்துக்கு எல்லாம் முடிஞ்சுது தம்பி. செப்டெம்பரிலயே திறந்திடுவாங்கள்."

"செப்டெம்பரிலயோ? அப்ப இவள் யூனிவர்சிட்டிக்கே போகேல்லையே!"

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. முதல் விரிவுரை தொடங்கும் முன்பே வரிசை தொடங்கிவிடுகிறது. பல வங்கிகள் வந்த வரிசையில் விண்ணப்பங்களைப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டே போகின்றன. கடைசித் தேதி என்று போட்டிருப்பதை நம்பிக் காத்திருக்கிற பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

*

அதே கடையில் இன்னொரு கேள்வியும் வந்தது. சம்பளம் உண்டா? பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும் என்றால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இங்கே கட்டாயப்படுத்தாது. ஆனாலும் பல வங்கிகள் பணம் கொடுக்கின்றன, அல்லது பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்கின்றன. இதை முன்கூட்டிக் கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வாரக் கூலி பெரிய பணம்.

*

2016 செப்டம்பரில் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் முதலீட்டு வங்கிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் எல்லோர் வாயிலும் விழுந்த விஷயம் பழுப்பு நிறச் சப்பாத்து. சூட்டுக்குப் பழுப்புச் சப்பாத்து போட்டு வருவது சில மேலாளர்களின் கண்ணில் பெரிய குறை என்று அதில் பதிவாகியிருந்தது. டையின் நிறம், சூட்டின் அளவு என்று ஆளை எடைபோட்ட விதமும் இருந்தது.

இப்போது உடைக் கட்டுப்பாடு வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஆனால் அந்த அறிக்கை சொன்ன உண்மை பழசாகவில்லை. எழுதப்படாத விதி வீட்டில் கிடைக்கிறவருக்கு அது விதியாகவே தோன்றாது. கிடைக்காதவர் அதைத் தோற்றபிறகுதான் தெரிந்துகொள்வார். அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு விதிகளை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சப்பாத்து போட்டுக்கொள். பத்து நிமிடம் முன்னே வா. பேசியவரின் பெயரை எழுதி வைத்து மறுநாள் இரண்டு வரியில் நன்றி அனுப்பு. மாலையில் மது கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் ஆரஞ்சு ஜூஸ் போதும், ஒருவரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

*

ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட் ஹாம், அங்கே ஜூபிலி மாறினால் மூன்றாவது நிறுத்தம் கேனரி வார்ஃப். அங்குள்ள வங்கிக் கோபுரங்களை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தே வளர்ந்து, ஒருநாளும் உள்ளே போகாத பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். கேனரி வார்ஃப் இருக்கும் டவர் ஹாம்லெட்ஸ், வறுமையில் வளரும் குழந்தைகள் மிக அதிகமாக உள்ள லண்டன் பகுதிகளில் ஒன்று.

1802இல் இங்கே வெஸ்ட் இண்டியா துறைமுகம் திறந்தார்கள். கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் ரம்மும் வந்து இறங்கிய இடம். 1980இல் துறைமுகம் மூடப்பட்டது. வேலை இழந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள். 1991இல் ஒன் கனடா ஸ்கொயர் கோபுரம் எழுந்தது. பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றில் இன்று டாக்லாண்ட்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். மதிய இடைவேளையில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். எந்த மண்மீது நின்று பணம் பண்ணுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

*

ரிஸ்க் பற்றிய என் பேச்சை 25 பேங்க் ஸ்ட்ரீட் கட்டடத்தைக் காட்டித் தொடங்குவேன். இப்போது அதில் ஜே.பி. மோர்கன். முன்பு லீமன் பிரதர்ஸ். 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் திவாலானது. அட்டைப்பெட்டியோடு ஊழியர்கள் வெளியே வந்த படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்; அப்போது அவர்கள் கைக்குழந்தைகள்.

சொந்தப் பணம் 1 டாலருக்கு ஏறத்தாழ 30 டாலர் சொத்தைக் கடனில் தூக்கி வைத்திருந்தது அந்த வங்கி. சொத்தின் மதிப்பு நூற்றுக்கு நாலு விழுந்தால் சொந்தப் பணம் முழுக்கப் போய்விடும். வகுத்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். அறை அமைதியாகும். ரிஸ்க் பிரிவுக்காரன் செய்கிற வேலை, லாபம் கொட்டுகிற காலத்தில் இந்த வகுத்தலைச் செய்து காட்டி, வேண்டாம் என்று சொல்வது.

*

எக்செல் வகுப்பிலிருந்து: கையால் இட்ட எண் நீலம், சூத்திரத்தில் வந்த எண் கறுப்பு. ஒரு கம்பெனியின் மதிப்பைக் கணக்கிடும் தாளைத் திறந்ததும் நீலத்தைத் தேடு. அடுத்த பத்து வருடம் வியாபாரம் எத்தனை சதவீதம் வளரும் என்ற ஊகம் அங்கேதான் இருக்கும். அதைக் கொஞ்சம் அசைத்தால் விடையே மாறிவிடும். எது ஊகம், எது கணக்கு என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி எழுதுவது பெரிய நேர்மை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே ஒரு வாரம் வந்து போகலாம்.

*

அந்த வாரம் காட்டாதது இரவுகளை. பிள்ளைகளின் நாள் மாலை ஐந்து, ஆறுக்கு முடிந்துவிடும். 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு வங்கியில் கோடை இன்டர்னாக இருந்த 21 வயது மாணவர் இறந்துபோனார். காரணம் வலிப்பு என்று விசாரணையில் முடிவானது. களைப்பு அதைத் தூண்டியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மரணம் வேலை நேரத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேச வைத்தது. 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ், இன்டர்ன்கள் நள்ளிரவுக்கு முன் போய்விட வேண்டும், காலை 7க்கு முன் வரக் கூடாது என்று விதி போட்டது. 2021இல் அதே வங்கியின் முதல் வருட ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கில், வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை என்று வந்தது.

ஆகவே பதவியில் பெரியவர்களைவிடச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பையனை, பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். "போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?" இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. பதில் வர எடுக்கும் நேரத்தையும் கவனிக்கலாம்.

*

ஒரு மாணவி, இயற்பியல் படிப்பவள், வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "நல்ல வாரம். எனக்கு இது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது" என்றாள். கைகுலுக்கி அனுப்பினேன். பத்தொன்பது வயதில் நேரில் பார்த்து எடுத்த முடிவு அது. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் முதலில் உள்ளே வந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

*

வீட்டில் ஏ-லெவல் முடிக்கிற பிள்ளை இருக்கிறவர்களுக்கு: ஆகஸ்டில் முடிவு வந்ததும் சி.வி. ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கடையில் கல்லாவில் நின்றது, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்த்தது எல்லாம் அதில் வர வேண்டும். அவை உண்மையான வேலைகள். எஸ்.இ.ஓ. லண்டன், அப்ரீச் போன்ற தொண்டு அமைப்புகள், தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகின்றன. பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். செப்டம்பரில் வங்கிகளின் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அக்டோபருக்குள் போட்டுவிடட்டும். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ இன்னொரு பெற்றோரைக் கண்டால் இதை அவருக்கும் சொல்லுங்கள்.