துரைசானி அம்மாக்கள்

துரைசானி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை கவுன், கையில் குடை, பின்னால் பங்கா இழுக்கிற ஆள். 'மதராசப்பட்டினம்' பார்த்தவர்களுக்கு எமி ஜாக்சன் :-) அந்த துரைசானிக்கும் ஜுரத்தில் துடிக்கிற ஒரு கைக்குழந்தை இருந்திருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடிப்போய்த் தட்ட ஒரு வீட்டுக் கதவு தேவைப்பட்டிருக்கும் என்று எந்த சினிமாவும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் தரங்கம்பாடி. எங்கள் ஊர் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845இல் அதையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு 1860 வரை தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரின் தலைமையிடமே தரங்கம்பாடிதான். (எங்கள் காலேஜில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பந்தயம் கட்டலாம்.) கலெக்டர் இருந்த பங்களா கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பின்னாளில் அதை ஓட்டல் ஆக்கினார்கள்.

கோட்டையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். சீகன்பால்கு பற்றியும் அவருடைய அச்சுக்கூடம் பற்றியும் ஏகப்பட்டது இருக்கிறது. இந்த மாதிரி பங்களாக்களுக்குள் உட்கார்ந்து பிள்ளை வளர்த்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யாரோடு பேசினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தவர் ஜூலியா மெய்ட்லண்ட்.

ஜூலியா 1836இல் இங்கிலாந்தில் கப்பல் ஏறினார். கணவர் ஜேம்ஸ் தாமஸ், மெட்ராஸ் மாகாணத்தில் கம்பெனி அதிகாரி. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது (அது 1869இல்தான் திறந்தது). ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதப் பயணம். 1837இல் மெட்ராஸில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு கணவருக்கு ராஜமுந்திரிக்கு மாற்றல். அங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு வெள்ளைக்காரர்கள். இந்தக் காலத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் 1843இல் லண்டனில் 'மெட்ராஸிலிருந்து கடிதங்கள்' என்று புத்தகமாக வந்தன. ஆசிரியர் பெயர் போடாமல், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் போட்டு.

நாலு மாதம் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, என்ன செய்வது என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டால், கடிதம் போக நாலு மாதம், பதில் வர நாலு மாதம். அதற்குள் குழந்தைக்கு சரியாகியிருக்கும், இல்லையென்றால்... அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் எதற்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். எத்தனை சின்னச் சின்னக் கற்கள். அதனால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு அம்மாவின் யோசனைதான் ஒரே யோசனை. அவளைப் பிடித்திருக்கிறதா, அவளுக்கு நம்மைப் பிடிக்குமா என்பதெல்லாம் அப்புறம்.

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசுவது அவ்வளவு லேசான காரியமாக இல்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். ஆங்கிலேய சமூகத்தில் ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கே ஒரு சடங்கு இருந்தது. நட்ட நடு மத்தியானம், நம் ஊர் நாய்கூட நிழல் தேடி ஒதுங்கும் நேரம், அதுதான் விசிட்டிங் நேரம்! முழு உடுப்பு போட்டுக்கொண்டு வண்டியில் போய் பெயர் அட்டை கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் வாசலிலேயே ஒரு பெட்டி. 'அம்மா வீட்டில் இல்லை' என்று அதன்மேல் எழுதியிருக்கும். வீட்டுக்குள்தான் இருப்பார். அட்டையைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியது. பார்த்தாயிற்று என்று கணக்கு.

விருந்துகளில் யார் எந்த நாற்காலி என்பது புருஷனின் பதவியைப் பொறுத்தது. எல்லோரிலும் பெரிய அதிகாரியின் மனைவி எழுந்து புறப்படும்வரை மற்ற பெண்கள் கிளம்பக் கூடாது. வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தாலும் சரி. மெட்ராஸ் கிளப் 1832இல் ஆரம்பித்தது, ஆண்களுக்கு மட்டும். பெண்களையும் சேர்த்துக்கொண்ட அடையாறு கிளப் வந்தது 1890இல். இரண்டும் 1963இல் ஒன்றாகிவிட்டன. ஆக, புருஷன்மார்களுக்கு ஒரு கிளப் கிடைத்து 58 வருஷம் கழித்துத்தான் பெண்டாட்டிகளுக்கு. சிரிக்காதீர்கள். இன்றைக்கும் டிபென்டன்ட் விசாவில் போகிற பெண்களுக்குக் கணவர் வேலை போனால் நாடும் போயிற்று, வாரக்கடைசி சிநேகிதிகளும் போயிற்று. சிநேகிதம் புருஷனின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் தொங்குவது அப்படி ஒன்றும் பழங்கதை இல்லை.

ஜூலியாவுக்கு இந்தச் சடங்குகள் அலுத்துப்போனதைக் கடிதங்களில் மறைக்கவே இல்லை. இந்த ஊரைப் பற்றி நீங்கள் என்னென்ன பார்த்திருக்கிறீர்கள் என்று அவர் ஒரு பெண்மணியிடம் கேட்கப் போக, அந்த அம்மா எதையும் பார்க்கவில்லை என்பதோடு அதை ஒரு நிம்மதியாகவே சொன்னாராம். ராஜமுந்திரிக்குப் போன பிறகு ஜூலியா பள்ளிக்கூடம் நடத்தினார், வாசிப்பு அறை திறந்தார். எனக்கென்னவோ அதில் பாதி தொண்டு, பாதி தனிமை என்றுதான் படுகிறது. பேச்சுத் துணைக்கு ஒருத்தி இருந்திருந்தால் அவ்வளவு நீளநீளமான கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

சிநேகிதம் நன்றாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு ஜோடி இருக்கிறது. இவர்கள் நம் பக்கம் இல்லை, பஞ்சாப். ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர். இருவரும் அதிகாரிகளின் மனைவிகள். ஃப்ளோராவின் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. இருவரும் சேர்ந்து 1888இல் இந்தியாவில் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒரு தடிமனான கையேடு எழுதினார்கள். திரும்பத் திரும்ப அச்சாகி 20ஆம் நூற்றாண்டிலும் விற்றது. பால் மாடு, கோழி, குழந்தைக்கு வருகிற நோய், ஊர் ஊராக வேலைக்காரர் சம்பளம் எல்லாம் இருக்கும். பி.காம் படிக்கிறவள் என்பதால் கணக்குப் பகுதியை மட்டும் தனிக் கண்ணோடு பார்த்தேன். ஸ்டோர் ரூமைப் பூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொள், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அளந்து கொடு, சமையல்காரரிடம் தினம் கணக்கு கேட்டு எழுது. நம் முதல் வருட பெட்டி கேஷ் புத்தகமேதான்!

அதே கையேட்டில் வேலைக்காரர்களைப் பற்றிப் பேசுகிற தொனி படிக்கச் சகிக்காது. இந்திய வேலைக்காரன் ஒரு குழந்தை மாதிரி, அதட்டிப் பழக்கினால்தான் சரிவருவான் என்கிற பாவனை. ரெண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு ஆதரவாக இருந்திருக்கிறார்கள், முகம் தெரியாத எத்தனையோ இளம் அம்மாக்களுக்கு ஒரு அக்கா இடத்தில் நின்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆதரவு அவர்கள் வீட்டு அடுப்படி வாசல்வரைக்கும்கூடப் போகவில்லை.

இனி இந்த அம்மாக்களின் பெரிய சங்கடத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு ஏழு வயது வாக்கில் அதை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். வெயில், நோய், படிப்பு, அதோடு பிள்ளை நம் பாஷை பேசி நம் ஆளாகவே மாறிவிடுமோ என்கிற பயம். வசதி இல்லாதவர்கள் ஊட்டி மாதிரி மலைப் பள்ளிகளில் விட்டார்கள். அம்மாவுக்கு இருந்தது ரெண்டே வழி: புருஷனோடு இங்கேயே இருந்து பிள்ளையைப் பிரிவது, இல்லை பிள்ளையோடு போய் புருஷனைப் பிரிவது. பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கை 1871இல், ஆறு வயதுகூட நிரம்பாதபோது, மூன்று வயதுத் தங்கையோடு சேர்த்து இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவர்களுடைய அம்மா மறுபடி வந்தது 1877இல். ஜூலியா வேறு வழியை எடுத்தார். மகளுக்கு உடம்பு தேறவில்லை என்றதும் பிள்ளைகளோடு கப்பல் ஏறினார். இங்கேயே தங்கிய கணவர் 1840இல் இறந்துபோனார்.

இப்படிப் பிள்ளைகளோடு திரும்புகிற அம்மாவுக்குக் கப்பலில் யார் துணை? ஆயா.

'ஆயா' என்பது போர்த்துக்கீசிய 'ஐயா'விலிருந்து வந்தது என்கிறார்கள். நாம் அங்கன்வாடி ஆயா என்கிறோம். செட்டிநாட்டுப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. துரைசானி வீட்டில் ஆயா என்றால் குழந்தையைக் குளிப்பாட்டி, தாலாட்டி, ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று மேலே கேட்டேனே, பெரும்பாலும் தட்டவே வேண்டியிருக்காது, அவள் அதே அறையில் தரையில் படுத்திருப்பாள். அவர்களிலும் எத்தனையோ பேர் தாங்கள் பெற்ற பிள்ளையை ஊரில் யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது. திரும்பி வர டிக்கெட் கொடுக்கிறேன் என்று கூட்டிவந்த சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படி நின்றவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று நடந்தது. 1900இலிருந்து ஹாக்னியில், கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டில். கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்தியது. வருஷத்துக்கு நூறு பேர் வரை தங்கினார்களாம். இது வேலை செய்த விதம் வேடிக்கை: ஆயாவைக் கூட்டிவந்த குடும்பம் அவளுடைய திரும்பும் டிக்கெட்டை இல்லத்தில் ஒப்படைக்கும். இந்தியாவுக்குக் கிளம்புகிற இன்னொரு குடும்பம் ஆயா வேண்டும் என்று வந்தால், டிக்கெட்டுக்கான பணத்தை இல்லத்துக்குக் கட்டிவிட்டு அவளைக் கூட்டிப் போகும். அந்தப் பணத்தில் அவளுடைய தங்கல், சாப்பாடு. கிட்டத்தட்ட ஒரு கிளியரிங் ஹவுஸ். செக்குக்குப் பதில் மனுஷி.

அந்த வீட்டு அறைகளில் மெட்ராஸ்காரியும் பம்பாய்க்காரியும் சீனாவிலிருந்து வந்தவளும் என்ன பாஷையில் பேசிக்கொண்டார்கள்? யார் யாருக்கு சமைத்துப் போட்டார்கள்? ஜூலியா எழுதினார், அச்சிட ஆள் இருந்தது. இவர்கள் எழுதியது என்று ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன், என் கைக்கு எதுவும் சிக்கவில்லை. ஃபர்ஹானா மமூஜி என்கிற பெண் விடாமல் முயற்சி எடுத்து, 2022இல் அந்த வீட்டுச் சுவரில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள்.

லண்டன் என்றதும் எங்கள் அத்தையைச் சொல்லாமல் முடியாது. மகள் பிரசவத்துக்காக ஈஸ்ட் ஹாம் போய்விட்டு வந்தவர். ஆறு மாத விசிட்டர் விசா. போன வேலை குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அதாவது சம்பளமில்லாத ஆயா. (அத்தை இதைப் படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.) மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் சாயந்திரம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பழக்கமானார். முதல் நாளே அவர் "வாங்கோ அக்கா, இருந்து கதைப்பம்" என்று கூப்பிட, அத்தை ஏதோ உபன்யாசம் நடக்கப் போகிறது என்று நினைத்து அடக்கமாக உட்கார்ந்தாராம். அப்புறம் ஆறு மாதமும் அந்த அம்மாதான் எல்லாம். எந்தப் பஸ், எந்தக் கடையில் புழுங்கலரிசி, குழந்தைக்கு வயிறு உப்பினால் அங்கே என்ன கிடைக்கும்.

"இவ்ளோ பேசினீங்களே அத்தை, அவங்களைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"பெரிய மவன் சண்டையில போயிட்டான். அதுக்கு மேல நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. ரெண்டு பேரு கையிலயும் புள்ள இருந்துச்சு, அத பாத்துக்கிட்டிருந்தோம்."

இப்போது ரெண்டாவது பேரன். மறுபடி விசாவுக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தை ரசப்பொடி ரெண்டு டப்பா அரைத்து வைத்திருக்கிறார். ஒன்று மகளுக்கு.