மலை ரயில் வழியும் ஒரு வினைச்சொல்லும்

குன்னூரில் ஒரு தெருமுனையில் காட்டெருமை நின்றால், மறுநாள் நாளிதழில் அது ‘ஊருக்குள் புகுந்த’ காட்டெருமை. கரடிக்கும் சிறுத்தைக்கும் யானைக்கும்கூட இதே வினைச்சொல்தான். புகுதல் என்றால் ஒரு வேலி இருக்கவேண்டும், அதில் ஒரு வாசல் இருக்கவேண்டும், உள்ளே வருவதற்கு உரிமை இல்லாத ஒருவர் வெளியே நிற்கவேண்டும். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி ஊட்டியில் முடியும் மலை ரயில் பாதையை முழுவதும் பார்த்துக்கொண்டு போனால் அப்படி ஒரு வாசலை எங்கும் சுட்டிக்காட்ட முடியாது. அந்தச் சொல் தவறானது. மலைச்சரிவை நாம் நடத்தும் விதமே அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், அதை வெறும் சொற்பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். ஏறும் உயரமோ ஏறத்தாழ 1,900 மீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏற, நீராவி எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். ஊட்டி போய்ச்சேர ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இவ்வளவு மெதுவாகப் போவதால்தான் சரிவில் எது எங்கே தொடங்குகிறது, எது எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் தொடர முடிகிறது. குன்னூர் வரை பாதை திறந்தது 1899-இல். ஊட்டியை எட்டியது 1908-இல்.

கல்லாறு மலையடிவாரம். பாக்குத் தோப்புகள், 1900-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை, ஆறு, சாலை, ரயில் பாதை எல்லாம் ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு பக்கம் செங்குத்தாக எழும் மலை, மறுபக்கம் மேட்டுப்பாளையத்தின் வீடுகளும் வயல்களும். யானைக் கூட்டம் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக இந்தப் பட்டையை விட்டால் நல்ல வழி இல்லை. செங்குத்துப் பாறையில் குட்டியோடு யானை ஏறாது. இங்கே யானை குறுக்கே போவதை ‘தோப்புக்குள் புகுந்தது’ என்று எழுதுவது, வழிப்போக்கரை அவர் நடக்கும் பாதையிலேயே கள்வர் என்று பிடிப்பதற்கு ஒப்பாகும்.

மேலே ஹில்குரோவ் பக்கம் இதற்கு இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. பாதையோரம் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாமல் யானைகள் தண்டவாளத்தில் தடுமாறும் காணொளி 2022-இல் பரவியது. பிறகு சுவர் இடிக்கப்பட்டது. அந்தச் சில நாட்களில் மட்டும் யாரும் யானை புகுந்தது என்று சொல்லவில்லை. சுவர்தான் குறுக்கே வந்தது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் சுவர் என்றால் உண்மை உடனே விளங்குகிறது. தேயிலையும் கட்டடமும் அதே வேலையைச் செய்யும்போது விளங்குவதில்லை. ஹில்குரோவ் நிலையத்துக் குரங்குகளையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். வண்டி வந்ததும் சன்னலை எட்டிப்பார்க்கும் அந்தக் கூட்டம் பயணிகள் நீட்டிய தின்பண்டத்தில் பழகியது. அத்திப் பழமும் தளிரும் தேடித் தின்னவேண்டிய விலங்கை நடைமேடைக்கு இறக்கியது நம் கை.

ரன்னிமேடு தாண்டியதும் சரிவின் பச்சை மாறுகிறது. அதுவரை ஒவ்வொரு மரமும் வேறு நிறம். பிறகு ஒரே உயரத்தில் கத்தரித்த தேயிலை. குன்னூர், வெல்லிங்டன், அரவங்காடு மூன்றும் இந்தச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். காட்டெருமையை அன்றாடம் பார்ப்பது இங்கேதான். சங்கப் பாடல்கள் ஆமா என்று அழைக்கும் விலங்கு இது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும். அது தேயிலையைத் தேடி வருவதில்லை. செடிகளுக்கு இடையிலும் பாதையோரத்திலும் முளைக்கும் புல்லும் களையும்தான் அதற்கு வேண்டும். மேல்மலையின் புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டோம். காட்டில் உண்ணிச்செடி மண்டிப் புல்லை அமுக்கியது. நீர் உள்ள பள்ளங்களில் வீடு கட்டினோம். மிச்சமிருக்கும் புல்லும் நீரும் தோட்டங்களை ஒட்டியே கிடக்க, வளர்ந்த காட்டெருமையை வீழ்த்தவல்ல புலி ஊர்ப்பக்கம் அரிதாகவே வருகிறது. இவ்வளவும் கூடினால் அந்த விலங்கு வேறு எங்கே இருக்கும்?

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தேயிலைத் தோட்டங்கள் நூறாண்டுக்கும் மேற்பட்டவை, இங்கே பல தலைமுறை மக்கள் வாழ்ந்துவிட்டார்கள், ஊருக்கு நடுவே காட்டெருமை இத்தனை கண்ணில் படுவதோ அண்மைக் காலத்தில்தான், ஆகவே புதிதாக வந்தது விலங்கே என்கிறார்கள். தெருவுக்கு அது புதியது என்பதை ஏற்கிறேன். ஆனால் தெரு ஒரு சரிவின் சிறு துண்டு. அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் விலங்கு வந்ததாகத் தோன்றும். கல்லாற்றிலிருந்து பாதை ஏறிவரும் சரிவு முழுவதையும் பார்த்தால் அதன் இடம் சுருங்கியது தெரியும். இன்னொரு மறுப்பு இதைவிட நெஞ்சைத் தொடுவது. பனி மூடிய காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்கு, செடிக்குப் பின்னால் படுத்திருக்கும் காட்டெருமை உயிர் ஆபத்து. முட்டப்பட்டு இறந்தவர்கள் உண்டு. அவர்களிடம் போய்ச் சொல்லாராய்ச்சி செய்வதா என்று கேட்கலாம். அவர்களுக்காகவே செய்யவேண்டும் என்பது என் பதில். புகுந்தது என்று நம்பினால் மருந்து விரட்டுவதுதான். பட்டாசு வெடித்து விரட்டிய விலங்கு மிரண்டு அடுத்த வரிசையில் பறிப்பவரை நோக்கித்தான் ஓடும். இங்கேயே வாழ்கிறது என்று ஒப்புக்கொண்டால் செய்யவேண்டியவை வேறு: வெளிச்சம் வரும்வரை பறிப்பைத் தள்ளிவைப்பது, லயன் வீடுகளின் வழியில் விளக்குப் போடுவது, கரடியை இழுக்கும் குப்பையை மூடிவைப்பது, தோட்டத்து முள்வேலியில் விலங்கு தாண்ட இடைவெளி விடுவது.

கேத்தியில் பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது. காரட், உருளைக்கிழங்கு வயல்கள் படிபடியாக இறங்குகின்றன. லவ்டேலுக்கு மேலே பயணிகள் அழகென்று வியக்கும் உயரமான மரங்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இந்த உயரத்தின் இயல்பான தோற்றம் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலையும். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பழுப்புப் பறவை இதற்குச் சாட்சி. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களில் மட்டுமே வாழும் அது புல்வெளியை விட்டால் பிழைக்காது; சீகை அடர்ந்த இடத்தில் இல்லாமல் போகிறது. அது போன செய்தி எந்த நாளிதழிலும் வருவதில்லை. சிவப்பு மீசைச் சின்னானோ உண்ணிப்பழத்தைத் தின்று விதையைப் பரப்பியபடி ரயில் நிலையத் தோட்டத்திலும் குரல் கொடுக்கிறது. ஒரே சன்னலில் பார்க்கும் இரண்டு செய்திகள் இவை. இருப்பது பாடுகிறது, இல்லாததை நாம்தான் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சீகையை வேரோடு அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகள் நீலகிரியில் நடக்கின்றன. வெட்டிய இடத்தில் விதை மீண்டும் முளைக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டிய வேலை அது. ஊட்டி நிலையத்தை நெருங்கும்போது பாதையோரத்து மேடுகளில் அந்த மரத்தின் கன்றுகள் இப்போதும் அடர்ந்து நிற்கின்றன. புகுந்தது என்ற சொல் அவற்றுக்குப் பொருந்தும்.