சினி ஏரியில் படகு விடுமுன்

பகாங் மாநிலத்தின் பெக்கான் மாவட்டத்தில் இருக்கிறது சினி ஏரி. ஏரி என்று ஒருமையில் சொன்னாலும், ஒன்றோடொன்று பிணைந்த 12 நீர்ப்பரப்புகள் அங்கே உண்டு. ஒவ்வொன்றையும் 'லாவுட்', அதாவது கடல் என்றே அழைக்கிறார்கள். கரையிலே ஜக்கூன் பூர்வகுடி மக்களின் கம்பங்கள். நீருக்குள் ஒரு நாகம் வாழ்வதாகப் பழங்கதையும் உண்டு. தாமரைக்குப் பேர்போன இவ்விடத்தை யுனெஸ்கோ 2009-ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

அலையில்லாத நீர், குடும்பத்தோடு துடுப்புப் போட ஏற்ற இடம். ஆனால், இந்த அமைதியான ஏரிக்கு ஓர் எசமான் உண்டு. அதுதான் பகாங் ஆறு!

சாதாரண நாளில் ஏரியின் உபரி நீர், சினி ஆறு என்னும் சிற்றாற்றின் வழியாகப் பகாங் ஆற்றில் போய்ச் சேரும். மழைக்காலத்தில் கதை தலைகீழாகிவிடும். பெரிய ஆறு ஏரியைவிட உயர்ந்ததும், நீர் எதிர்த்துத் திரும்பி ஏரிக்குள் புகும். போகும்போது கண்ட நீரோட்டம் வரும்போது இருக்காது.

பகாங் ஆறு தீபகற்பத்திலேயே மிக நீளமானது; 459 கிலோமீட்டர். ஜெரண்டுட்டுக்கு மேலே மலைக்காட்டில் பெய்த மழை, தெமர்லோவைத் தாண்டிக் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். சினியில் வெயில் காயும்போதே வெள்ளம் வழியில் வந்துகொண்டிருக்கலாம். 2014 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் தெமர்லோ வட்டாரம் பட்ட பாட்டை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வானத்தைப் பார்ப்பதோடு, மேலாற்றின் கணக்கையும் பாருங்கள். நீர்ப்பாசன வடிகால் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம். அதில் பகாங் மாநிலத்தைத் தேர்ந்து, பகாங் ஆற்றின் தெமர்லோ, லுபோக் பாகு நிலையங்களைத் தேடுங்கள். இரண்டும் சினிக்கு மேலே இருப்பவை. பச்சை என்றால் வழக்கமான மட்டம், மஞ்சள் விழிப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு அபாயம்.

நிறத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. முதல் நாள் மாலையில் ஒரு முறையும், புறப்படும் காலையில் ஒரு முறையும் எண்ணைக் குறித்து வையுங்கள். பச்சையாகவே இருந்தாலும், எண் விறுவிறுவென்று ஏறுகிறதென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி.

நீர் குறைந்தாலும் தொல்லைதான். வறட்சியில் ஏரி வற்றாதிருக்க 1995-இல் சினி ஆற்றில் தடுப்பணை கட்டினார்கள். மட்டம் உயர்ந்ததில் கரையோர மரங்கள் பல மடிந்தன. இப்படி மடிந்த மரங்களின் அடிக்கட்டைகள், நீர் இறங்கும்போது படகின் அடியைக் கிழிக்கக்கூடும். ஆகவே கரையில் வாழும் மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கரையில் நிற்கும்போதும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. நீர் திடீரென்று செந்நிறமாகக் கலங்கினால், நுரையும் இலைதழையும் கட்டைகளும் மிதந்து வந்தால், மேலே ஆறு பெருகுகிறது என்று பொருள். படகில் இருந்தால் உடனே கரையேறுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர். மட்டம் தெரியாமல் படகை விடாதே என்று நாமும் சேர்த்துக்கொள்வோம். ஏரி எங்கும் ஓடிவிடாது. அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே இருக்கும்.